பதினாறு கிலோ சைக்கிளும் என் பதிகக் காதும்

அறுபதுகளில் செஞ்சியில் நான் தமிழாசிரியனாக இருந்தபோது, பள்ளி விட்ட பிறகு என்னைக் காண விரும்புகிறவர்கள் இரண்டு இடங்களில் தேடுவார்கள். ஒன்று சிவன் கோயில். மற்றொன்று, திருவண்ணாமலை சாலையில் ஒரு மல்லாட்டை மண்டியை, அதாவது நிலக்கடலை மண்டியை, ஒட்டியிருந்த ரேடியோ பழுது பார்க்கும் கடை. கோயிலில் நான் பதிகம் பாடிக்கொண்டிருப்பேன். கடையில் சும்மா உட்கார்ந்திருப்பேன். இரண்டாவது வேலையைத்தான் நான் திறம்படச் செய்தேன் என்று அக்கடையை நடத்திய என் நண்பன் சொல்வான்.

அவன் மண்டிக்காரரின் ஒரே மகன். கடை இருந்ததும் மண்டிக்குச் சொந்தமான ஓர் அறையில்தான். அந்த வட்டாரத்தில் பல தலைமுறைகளாக நிலமும் வணிகமும் உடைய சமணக் குடும்பம் அது. பொழுது சாயுமுன் வீட்டில் எல்லோரும் உண்டு முடித்துவிடுவார்கள். தந்தையாருக்கு நிலக்கடலையைத் தவிர வேறொன்றிலும் நாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. மகனுக்கோ நிலக்கடலையைத் தவிர எல்லாவற்றிலும் நாட்டம் இருந்தது. மண்டி ஆட்கள் அவனைச் 'சின்ன முதலாளி' என்பார்கள். நானும் கேலியாக 'முதலாளி' என்று கூப்பிடுவேன். அவன் என்னைப் 'புலவரே' என்பான். ஒருவரையொருவர் இல்லாத பட்டம் கொடுத்து அழைத்துக்கொண்டதில் இருவருக்கும் மனக்குறை இல்லை.

அமெச்சூர் ரேடியோ என்னும் பித்து அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று அறியேன். சென்னையிலிருந்து அவனுக்கு வரும் பழைய ஆங்கிலப் பத்திரிகைக் கட்டு ஒன்றில், வெளிநாட்டு அன்பர்கள் சிலர் வீட்டில் செய்த கருவிகளைக் கொண்டே இருபது கிலோ சைக்கிள் அதிர்வெண்ணுக்கும் கீழான அலைகளைக் கேட்பதாக ஒரு கட்டுரை இருந்தது. கடையில் வாங்கும் ரேடியோவின் முள் ஐந்நூற்றுச் சொச்சத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே ஓர் உலகம் இருக்கிறதென்றும், அங்கே பதினாறு கிலோ சைக்கிளில் இங்கிலாந்திலிருந்து ஒரு நிலையம் கடலுக்கடியில் செல்லும் கப்பல்களுக்குத் தந்தி அனுப்புகிறதென்றும் அக்கட்டுரை சொன்னது.

"எல்லாரும் மேல மேல போறாங்க புலவரே. நான் கீழ போய்ப் பாக்கப் போறேன்" என்றான்.

போனவன் சும்மா போகவில்லை. ஆவணி மாதத்தில் ஒருநாள், மூட்டை தூக்குகிற ஆட்கள் பத்துப்பேர் நிற்கும்போது தந்தையாரிடம் அறிவித்துவிட்டுப் போனான்.

"கடலுக்கு அடியில போற கப்பலுக்கு இங்கிலாந்துல இருந்து அனுப்புற சத்தத்த என் கட ரூம்லயே கேக்க வெக்கறேன் நைனா."

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்போ?"

"ஐப்பசிக்குள்ள."

"ஐப்பசில புது மல்லாட்ட வந்துடும். மூட்ட அடுக்க எனக்கு அந்த ரூம் வேணும். ரெண்டாவது ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். சத்தம் கேட்டா ரூம் ஒன்னுது. கேக்கலன்னா மூட்டைது. நீயும் ரேடியோவ மூட்ட கட்டிட்டு மண்டில வந்து ஒக்காரு."

அவர் கோபப்பட்டுச் சொல்லவில்லை. எடை சொல்லும் அதே குரலில் சொன்னார். அதனால்தான் என் நண்பன் முகம் வெளுத்தது. அவர் சொன்ன எடை ஒருபோதும் மாறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்ததில் மட்டும் ஒரு நன்மை இருந்தது. அன்று அரிசி மில் ஓடாது; கரண்ட் நிமிர்ந்து நிற்கும். மற்ற நாள்களில் மில் பட்டை சுற்றத் தொடங்கினால் எங்கள் ரேடியோக்களின் கண்ணாடி வால்வுகள் தூங்கி வழியும்.

அந்த அறையில் முதலில் உருவானது சிக்னல் ஜெனரேட்டர் என்னும் கருவி. தெரிந்த அதிர்வெண்ணில் ஓர் ஒலியைத் தானே உண்டாக்கித் தருவது அதன் பணி. வேறு கருவிகளை அளக்க அதுவே அளவுகோல். விலைக்கு வாங்கும் நிலை எங்களுக்கு இல்லாததால் அவனே செய்தான். செத்துப்போன ரேடியோக்களிலிருந்து எடுத்த இரண்டு வால்வுகள், ஒரு கேங் கண்டென்சர், ரெசிஸ்டன்ஸ்கள் சில. இவற்றையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடக்கினான். நடுவே ஒரு சிறிய மின்விளக்கும் இருந்தது. அது ஒளி விடாது; ஆனால் அதை எடுத்துவிட்டால் கருவி ஓலமிடும். எரியாமல் இருந்தே காரியம் செய்கிற விளக்கை நான் அதற்கு முன் கண்டதில்லை. தினமும் நெய்விளக்கு ஏற்றுகிறவனான எனக்கு அதன் மேல் சற்றுப் பொறாமையும் உண்டாயிற்று.

முகப்பில் ஒரு குமிழ். அதைச் சுற்றிப் பழைய சுவர்க்கடிகாரத்தின் வெள்ளைத் தட்டு. அதில் எண்கள் எழுத வேண்டும். எந்த இடத்தில் எந்த எண்? அங்கேதான் நான் தேவைப்பட்டேன்.

"புலவரே, ஒங்க காது கொஞ்சம் வேணும்."

"தலையோடதான் வரும், பரவாயில்லையா?"

"ஸ்கூல் லேப்ல இசைக்கவை இருக்குதே, இருநூத்தம்பத்தாறு போட்டது, அத எடுத்துக்கினு வாங்க. அது போடுற சத்தமும் நம்ம டப்பா போடுற சத்தமும் எந்த எடத்துல ஒண்ணாவுதோ, அங்க இருநூத்தம்பத்தாறுன்னு எழுதிடலாம். ஒரு புள்ளி கெடச்சா மத்ததெல்லாம் கணக்கு. மேல இருக்குற சுவிட்ச திருப்பினா அதே எண்ணு நூறு மடங்கு ஆவும். அப்படியே பதினாறாயிரத்துக்குப் போயிடலாம்."

தலைமையாசிரியரிடம் கேட்டு, கையொப்பமிட்டு, இசைக்கவையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தேன். ஆறு வயது முதல் பதிகங்களோடு வளர்ந்தவன் நான். பண் பிசகினால் தூக்கத்திலும் எழுந்துவிடுவேன் என்று என் வீட்டார் சொல்வதுண்டு. இசைக்கவையை முழங்காலில் தட்டி அதன் காம்பை மேசையில் ஊன்றினேன். டின்னில் பொருத்தியிருந்த உள்ளங்கையளவு ஸ்பீக்கர் முனகியது. நண்பன் குமிழை அடியிலிருந்து மெல்ல மேலே திருப்பிக்கொண்டு வந்தான். இரண்டு ஒலிகளும் நெருங்கும்போது ஓர் அலைவு உண்டாகும்; முற்றும் சேர்ந்ததும் அது அடங்கிவிடும்.

"கிட்ட வருது... வருது... கொஞ்சம் பொறு... ஆங், சேர்ந்துடுச்சு! எழுதிக்கோ!"

அவன் எழுதவில்லை. காகிதத்தில் போட்டு வைத்திருந்த கணக்கைப் பார்த்தான்.

"கணக்குப்படி இந்த எடத்துல நூத்தி இருபத்தெட்டுதான வரணும்? பாதிதான?"

"கணக்கு எப்படியோ போகட்டும். சுருதி சுத்தமா நிக்குது. அலைவே இல்ல."

"நல்லா கேட்டீங்களா?"

"முதலாளி, இந்தக் காது எத்தன வருஷமா சுருதி கேக்குது தெரியுமா?"

அவன் ஒரு ரெசிஸ்டன்ஸை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தான். அதன் வண்ணக் கோடுகள் மங்கியிருந்தன. "இது பழசு. வேல்யூ மாறிப்போயிருக்கும். அதான் கணக்கு ஒதைக்குது. சாமி பாட்டு கேட்ட காது பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டு, தன் கணக்கை மடித்துச் சட்டைப்பையில் போட்டான். அந்த இடத்தில் கறுப்பு மையால் 256 என்று எழுதினான். அதை ஆதாரமாக வைத்து எல்லா எண்களையும் எழுதி முடித்தோம். தட்டு அழகாக இருந்தது. என் கையெழுத்து.

அடுத்தது அலையைப் பிடிக்கும் சுருள். பாயில்லாத ஒரு கட்டில் சட்டத்தை நிமிர்த்தி நிறுத்தி, அதில் செம்புக்கம்பியை வரிவரியாகச் சுற்றினான். ரேடியோ கொண்டு வருகிறவர்கள், கட்டில் விற்பனைக்கா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். சுருளின் நுனியில், தீப்பெட்டி அளவில் ஒரே மாதிரியான நான்கு கண்டென்சர்களைப் பக்கம் பக்கமாக இணைத்தான். பிறகு எங்கள் சிக்னல் ஜெனரேட்டரை நூறு மடங்குச் சுவிட்சில் 160 என்ற எண்ணில், அதாவது பதினாறு கிலோ சைக்கிளில், வைத்து, அந்த ஒலிக்கே சுருள் மிகுதியாக இசையும்படி கம்பிச் சுற்றுகளைக் கூட்டியும் குறைத்தும் சரி செய்தான். இப்போது சுருளின் காது பதினாறுக்கு மட்டுமே திறக்கும் என்றான். சுருளில் வருகிற அலையையும் ஜெனரேட்டரின் அலையையும் கலந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஹெட்போனில் ஒரு சீழ்க்கையாகக் கேட்கும். அந்தச் சீழ்க்கையே தந்தி.

ஹெட்போனை மாட்டினோம். வண்டு குடைவது போன்ற இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை.

அந்த இரைச்சல் போன கதையைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு மாலை, உணவை முடித்துக்கொண்டு தந்தையார் கடைக்குள் எட்டிப் பார்த்தார். வால்வின் தலையில் ஒரு விட்டில் கருகி ஒட்டியிருந்தது.

"இது இன்னாது?"

"பூச்சி நைனா. சூட்டுல விழுந்துடுச்சு."

அவர் திரும்பி வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை ஒரு மண்டி ஆள், வீட்டிலிருந்து பழைய பித்தளைச் சல்லடைகள் இரண்டைக் கொண்டுவந்து வைத்தான். "பெரிய முதலாளி, பூச்சி உள்ள போகாம மூடச் சொன்னாரு. மூடாம ஸ்விட்ச் போடக் கூடாதுன்னாரு." நண்பன் முணுமுணுத்துக்கொண்டே சல்லடையை வெட்டி, ஒவ்வொரு வால்வுக்கும் குல்லாய் செய்து, விழாதபடி தகட்டோடு பற்ற வைத்தான். ஸ்விட்சைப் போட்டோம். இரைச்சல் அடியோடு நின்றுவிட்டது. சுவரிலிருந்த கரண்ட் கம்பியின் ஓசையை அந்தப் பித்தளை வலை தடுத்துவிட்டதாம்.

நண்பன் வெகுநேரம் அக்குல்லாய்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நைனா கிட்ட சொல்லேன், சந்தோஷப்படுவாரு" என்றேன்.

"சொன்னா இன்னும் ரெண்டு சல்லட அனுப்புவாரு. அம்மாவுக்கு மாவு சலிக்க வேணாமா?"

இரைச்சல் போன அமைதியில் இப்போது வேறொன்று கேட்டது. படபடவென்று, நெருப்பில் உப்பைப் போட்டது போல. அது வானத்து மின்னல்களின் சத்தம் என்றான் நண்பன். எங்கோ தொலைவில் வெட்டுகிற மின்னலும் இந்தக் கீழ் அலைகளில் ஓடி வந்துவிடுமாம். ஆனால் தந்தி இல்லை. ஒரு வாரம் போயிற்று, இல்லை. புரட்டாசி முடிந்தது, இல்லை. அவன் வால்வை மாற்றினான். கட்டிலை வடமேற்காகத் திருப்பினான், கிழமேற்காகத் திருப்பினான். பூமிக்குள் செம்புத் தகடு புதைத்து அதில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான். மூன்று வாரம் ஓடியது.

தந்தையார் தினமும் சாப்பிட்ட கையோடு வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்பார். "கப்பல் வந்துச்சா?"

"இல்ல நைனா."

அவர் போய்விடுவார். மண்டி ஆட்கள் அப்படிப் போகமாட்டார்கள். "சின்ன முதலாளி, கப்பல் வந்தா சொல்லுங்க, நாங்களும் ஏறிக்கினு அக்கரைக்குப் போயிடறோம்" என்பான் ஒருவன். "கட்டிலு ரெடி, கப்பலு எங்க?" என்பான் இன்னொருவன்.

நண்பனுக்குச் சிரிப்பு வராமல் போய்ச் சில நாள்கள் ஆகியிருந்தன. "மண்டில ஒக்காந்தா நான் செத்துடமாட்டேன் புலவரே. ஆனா கையில ஸ்க்ரூடிரைவர் இல்லாம எப்படி ஒக்காரறதுன்னு தெரியல" என்று ஒருமுறை சொன்னான். நான் அவனுக்காக, பஸ்ஸில் போகும் தூரத்தில் குன்றின் மேலிருந்த பனமலை ஈசனிடம் வேண்டிக்கொண்டேன். குறித்த ஞாயிறு காலையில் வந்து ஒரு பதிகம் முழுவதும் பாடுவதாக நேர்ந்துகொண்டேன்.

அந்த ஞாயிறும் வந்தது. முதல் பஸ்ஸில் அனந்தபுரம் வழியாகப் பனமலை சேர்ந்தேன். முன்மழையில் ஏரி பாதி நிறைந்திருந்தது. படியேறிப் போய்ச் சந்நிதியில் நின்று பாடத் தொடங்கினேன். மூன்றாம் பாட்டு முடிவதற்குள் பக்கத்து ஊர்க் குடும்பங்கள் சில மேலே வந்தன. ஒவ்வொரு பாட்டின் ஈற்றடியும் ஒன்றே ஆகையால், பெண்களும் பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டு என்னோடு பாடினார்கள். என் குரல் கீழே நின்றது. பிள்ளைகளின் குரல் மேலே நின்றது. குடைந்தெடுத்தாற்போன்ற அந்தக் கருங்கல் அறைக்குள் இரண்டும் ஒன்றாகக் கலந்து, ஒரே சுருதியாக நிறைந்தது.

ஒரே சுருதி. ஆனால் பிள்ளைகளுடைய ஒலியின் அதிர்வு என்னுடையதைப் போல இரண்டு மடங்கு.

நான் எட்டாம் பாட்டின் நடுவில் நின்றுவிட்டேன்.

மேல் ஷட்ஜம் கீழ் ஷட்ஜத்தின் இருமடங்கு என்பது எனக்குத் தெரியாத செய்தியல்ல. ஆனால் பாடுகிறவனுக்கு அவை ஓர் இடத்தின் இரண்டு படிகள். ஆணும் பெண்ணும் குழந்தையும் அவரவர் படியில் நின்று பாடினால், 'எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள்' என்றுதான் என் காது சொல்லும். அப்படிச் சொல்லவே அதைப் பழக்கியிருந்தேன். இசைக்கவை மேற்படியில் நின்றது. எங்கள் டப்பா கீழ்ப்படியில் நின்றது. நான் சேர்ந்துவிட்டது என்றேன். நண்பனின் கணக்கு, பாதி என்று சரியாகச் சொன்னதை என் காது தள்ளிவிட்டது.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். "இன்னா சாமி, பாட்டு மறந்துட்டியா?"

"பாட்டு மறக்கலம்மா. வேற ஒண்ணு ஞாபகம் வந்துடுச்சு."

"சாமி எதிர்ல நின்னுக்கினு வேற இன்னா ஞாபகம்?"

நியாயமான கேள்வி. நேர்ந்துகொண்ட பதிகத்தைப் பாதியில் விடும் துணிவும் எனக்கு இல்லை. பஸ்ஸை விடும் துணிவும் இல்லை. எஞ்சிய பாடல்களைப் பனமலை ஈசன் அன்று பஸ் வேகத்தில் கேட்டருளினான். பிள்ளைகளுக்கு அந்த வேகம் மிகவும் பிடித்திருந்தது. படிகளில் நான் ஓடி இறங்கியபோது அவர்கள் ஈற்றடியை இன்னும் பாடிக்கொண்டே என் பின்னால் ஓடி வந்தார்கள்.

அப்படியும் பஸ் போய்விட்டது. மல்லாட்டைக் கொடி ஏற்றிய ஒரு கட்டை வண்டியில் தொற்றிக்கொண்டு அனந்தபுரம் வந்து, அங்கே அடுத்த பஸ்ஸைப் பிடித்து, நான் செஞ்சி பஜாரில் இறங்கியபோது மூன்று மணியாகிவிட்டது. உடம்பெல்லாம் செம்மண். நண்பன் கடையில் கருவிகளை ஒரு சாக்கில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க புலவரே. பூஜ நல்லா நடந்துச்சா?"

"முதலாளி, அந்தச் சாக்க கீழ போடு. என் காது தப்பு."

சொல்லி முடித்தேன். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகம் பூத்தது.

"அப்போ என் கணக்கு சரியா?"

"சரி."

"மொதல்லேந்தே சரியா?"

"மொதல்லேந்தே."

"மூணு வாரமா என் கணக்க நானே திட்டிக்கினு இருந்தேனே, படுபாவி!" என்று சிரித்தான். படுபாவி என்றது என்னையா தன்னையா என்று நான் விசாரிக்கவில்லை.

ஆனாலும் இம்முறை என் காதை மட்டும் நம்புவதாக இல்லை. பழுதுக்கு வந்திருந்த பெரிய ரேடியோ ஒன்றைத் திறந்து, அதன் அகன்ற ஸ்பீக்கரில் எங்கள் டப்பாவை இணைத்தான். 256 என்று நான் எழுதியிருந்த இடத்தில் குமிழை வைத்தான். மேசையே அதிரும்படி ஒரு கனத்த ஒலி எழுந்தது. இசைக்கவையைத் தட்டினேன். அது தலைக்கு மேலே, தனியே, மெல்லிய குரலில் பாடியது. ஒரு பச்சைக் குழந்தைக்கும் வேறுபாடு தெரியும். அந்தச் சிறிய ஸ்பீக்கருக்குக் கீழ் ஒலியை எழுப்பத் தெம்பில்லை. அதன் மேல்படிச் சாயலை மட்டுமே அது எனக்குக் கேட்க வைத்திருந்தது.

"ஆக, நம்ம பதினாறு பதினாறு இல்ல. எட்டு" என்றான். "கட்டிலயும் எட்டுக்குத்தான் ட்யூன் பண்ணி வெச்சிருக்கோம். பதினாறு வந்து கதவ தட்டினாலும் அதுக்குக் காது கேக்காது."

"மறுபடி கம்பி சுத்தணுமா? அஞ்சு மணிக்கு உங்க நைனா வந்துடுவாரே!"

அவன் சட்டைப்பையிலிருந்த பழைய கணக்கை எடுத்து, அதன் பின்பக்கத்தில் ஏதோ எழுதினான். பிறகு வெட்டுக்குறடை எடுத்தான்.

"ரெண்டு மடங்கு மேல போவணும்னா கண்டென்சர் நாலுல ஒரு பங்கா ஆவணும். நம்ம கிட்ட நாலு இருக்குது. மூணு போவணும்."

டக், டக், டக் என்று மூன்றை வெட்டி எறிந்தான். மூன்று வார வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. குமிழைத் தட்டில் 320 என்றிருந்த, உண்மையில் பதினாறு கிலோ சைக்கிளான இடத்துக்குத் திருப்பினான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினான். நின்றான். ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தான்.

மின்னல் படபடப்புக்கு நடுவே, தெளிவாக, நிதானமாக, ஒரு சீழ்க்கை விட்டுவிட்டு ஒலித்தது. குறில், நெடில், குறில், குறில்.

திரும்பிப் பார்த்தேன். நண்பன் அறையில் இல்லை. தெருவில் நின்று, எதிர்த் தையல் கடையையும் அண்டை வீடுகளையும் மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் விளையாட்டுக் காட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டானாம்.

தந்தையாருக்கு நம்பிக்கை வர வேண்டுமென்று, தபால் ஆபீசில் தந்தி வேலை பார்த்த ஒருவரைச் சாட்சியாக வரச் சொல்லியிருந்தான். பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவர். காலையில் ஞாயிறு பூசைக்குக் கட்டிய சலவை வேட்டியோடு சைக்கிளில் வந்தார். ஹெட்போனை மாட்டியதும் அவர் முகம் சுருங்கியது.

"இது தந்தியா? எங்க ஆபீஸ்ல கட்டு கடான்னு தட்டும். இது குயில் மாதிரி கூவுதே. கூவினா எனக்குப் படிக்க வராது சார்."

சற்று யோசித்தார். பென்சிலை எடுத்து, கூவலுக்குத் தக்கபடி மேசையில் தட்டத் தொடங்கினார். தன் தட்டலைத் தானே கேட்டதும் அவருக்குப் படிக்க வந்துவிட்டது. வலக்கை தட்ட, இடக்கை இன்னொரு பென்சிலால் தாறுமாறாக எழுதியது.

அந்த நேரத்தில் தந்தையார் சாப்பாட்டை முடித்து, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். பின்னால் மண்டி ஆட்கள் நால்வர்.

"கப்பல் வந்துச்சா?"

"வந்துச்சு நைனா" என்றான் நண்பன்.

ஆட்களின் சிரிப்பு அடங்கிற்று. அவர் பெஞ்சில் அமர்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு தந்திக்காரரைப் பார்த்தார்.

"இன்னா சொல்றான்?"

"எழுத்து வருதுங்க. வார்த்த வரல. ஏதோ ரகசிய பாஷ மாதிரி."

"இங்கிலாந்துன்னு எப்படித் தெரியும்?"

"பத்திரிகைல போட்டிருக்குது நைனா."

"அவன் பேரும் சொல்லல, ஊரும் சொல்லல, சேதியும் புரியல. இத கேக்கறதுக்குத்தான் இத்தன நாளா கட்டில நிக்க வெச்சியா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் அளந்து குடுத்தீங்களாமே வாத்யாரே?"

"ஆமாங்க. மூணு வாரமா தப்பா அளந்துட்டேன். ஒண்ணுக்கு ரெண்டா சொல்லிட்டேன்."

"மண்டில நான் அப்படி அளந்திருந்தா, மூணு வாரத்துல நடுத்தெருவுல நின்னிருப்பேன்."

நான் தலை குனிந்தேன். நண்பன் தன் தந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"நடுவுல படபடன்னு பொரியுதே, அது இன்னா?"

"அது ஒண்ணுமில்ல நைனா. எங்கயோ மின்னல் வெட்டுது."

"எங்க?"

"தெரியாது. நூறு மைல்லயும் இருக்கலாம், ஐந்நூறு மைல்லயும் இருக்கலாம். காலைல கொஞ்சமா இருந்துச்சு. இப்போ ஜாஸ்தி ஆயிருக்குது."

அவர் எழுந்தார். வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். கோட்டை மலையான ராஜகிரியின் மேல் துளி மேகம் இல்லை. திரும்பி வந்து மறுபடி கேட்டார். பிறகு ஆட்களை நோக்கிச் சத்தம் போட்டார்.

"டேய், களத்துல காயுற மல்லாட்டய வாரிக் குவிங்கடா! தார்ப்பாய் போடுங்க! நில்லாதீங்க, ஓடுங்க!"

அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அறையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கேஸ் ஜெயிச்சுதா, தோத்துதா?" என்றார் தந்திக்காரர்.

அன்று மழை வரவில்லை. நிலா காய்ந்தது. மறுநாள் மாலை தந்தையார் வந்தார். நண்பன் சாக்கைப் பார்த்தான். நான் விபூதிப் பையைத் தடவினேன்.

"நேத்து மழ வரலயே?"

"மின்னல் இருக்குதுன்னுதான் இது சொல்லும் நைனா. நம்ம களத்துக்கு வரும்னு சொல்லல."

"சரி. இன்னிக்கு இன்னா சொல்லுது?"

பெஞ்சில் அமர்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அன்றும் வாரிக் குவிக்கச் சொன்னார், அன்றும் மழையில்லை. ஆட்கள் அவர் காதுபடவே முனகினார்கள். மூன்றாம் நாள் பொழுது சாய்ந்ததும் தெற்கே கறுத்து, ஒரு நாழிகையில் தெருவெல்லாம் ஆறாக ஓடியது. பக்கத்து மண்டிகளில் கூச்சலும் ஓட்டமுமாக இருந்தது. எங்கள் மண்டியில் தார்ப்பாய் மேல் மழை கொட்டும் ஓசை மட்டும் கேட்டது.

அதன் பிறகு ஐப்பசி முழுவதும், கார்த்திகையிலும் பாதி, ஒருநாள் தவறாமல் வந்தார். உண்டு முடித்து, கை துடைத்து, பெஞ்சில் அமர்ந்துவிடுவார். இங்கிலாந்தின் தந்தி குறுக்கே வந்தால், "இவன வேற எங்கயாவது போகச் சொல்லு, மின்னல் சரியா கேக்கல" என்பார். அறை யாருடையது என்று எந்நாளும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் பெஞ்சு போட இடம் வேண்டுமே! மூட்டைகள் அவர் வீட்டுக் கூடத்தில் அடுக்கப்பட்டன. கடைவீதியில் எதிர்ப்பட்ட நண்பனின் தாயார், "வாத்யாரே, எங்க வீட்டுல மல்லாட்டைக்குத்தான் எடம், மனுஷங்களுக்கு இல்ல. அந்த டப்பாவுல அளந்து குடுத்த புண்ணியவான் நீங்கதானாமே?" என்று கேட்டார். எந்த அளவைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

நண்பனுக்கு வேறொரு குறை. இருந்த ஒரே ஹெட்போன் மாலையில் தந்தையாரின் தலையில் இருந்தது. அவர் எழுந்து போகும்வரை அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு வாரம் பொறுத்தான். பிறகு பிஸ்கட் டின்னின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, இன்னொரு ஹெட்போன் செருக வழி செய்தான். மறுநாள் மாலை நான் போனபோது, பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தந்தையார் வாயில் விரலை வைத்து, பேசாமல் உட்காரும்படி கையால் காட்டினார்.